கேட் இல்லாத தொழிற்சாலை: சேலம் கோட்டத்து ரயில்வே தொழிலாளர்களும் அவர்களின் கிளைச் சங்கமும்

பஞ்சாலையில் சங்கம் கட்டுவது லேசான வேலை இல்லை. ஆனாலும் அங்கே ஒரு கேட் இருக்கிறது. ஷிப்ட் விட்டால் எல்லாரும் அந்த ஒரு வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். எதிரே ஒரு பெஞ்சைப் போட்டு ஏறி நின்று பேசினால் ஆயிரம் பேர் காதில் விழும். ரயில்வேயில் அதற்கு வழியே கிடையாது.

சேலம் கோட்டத்தையே பாருங்கள். ஒரு பக்கம் ஜோலார்பேட்டைப் பாதையில் திருப்பத்தூர், மொரப்பூர், பொம்மிடி. இன்னொரு பக்கம் ஈரோடு, திருப்பூர், கோவை, அதையும் தாண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும் பற்சக்கரப் பாதை. விருத்தாசலம் பாதையில் ஆத்தூர், நாமக்கல் வழியாகக் கரூர், தனியே ஒரு கிளையாக மேட்டூர் அணை. ஈரோடு லோகோ ஷெட்டில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற ஃபிட்டர், சூரமங்கலத்தில் ஜங்ஷனை ஒட்டிய கேபினில் வண்டிகளைத் தடம் மாற்றிவிட இரவு டூட்டி பார்க்கும் பாயின்ட்ஸ்மேன், குன்னூர்ச் சரிவில் நீராவி எஞ்சினுக்குத் தீ பார்க்கும் ஃபயர்மேன் எல்லாருக்கும் ஒரே முதலாளிதான். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஓய்வு பெற்றுப் போகலாம். ஒருவர் டூட்டிக்கு வரும்போது அடுத்தவர் டூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார். தலைவர் ஊருக்கு வந்து பேசுகிற நாளிலும் பாதிப் பேர் பாதையில்தான் இருப்பார்கள்.

அதனால் ரயில்வேயில் சங்கம் என்றால் அது கிளைதான் என்று சொல்வேன். சென்னையில் இருக்கும் பொதுச் செயலாளரும் டெல்லியில் இருக்கும், சங்கங்களின் கூட்டமைப்பான சம்மேளனமும் தேவையில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. கிளை செத்துவிட்டால் மேலே இருப்பது வெறும் லெட்டர்பேடு. இங்கே ஒரு நூற்றாண்டு வரலாறும் அதைத்தான் காட்டுகிறது.

பொம்மிடிக்கும் டேனிஷ்பேட்டைக்கும் நடுவில், லோகூர்ப் பக்கம், பாதை சேர்வராயன் மலையின் அடிவாரக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும். சென்னையிலிருந்து கோவைக்கும் கேரளாவுக்கும் போகிற வண்டிகள் எல்லாம் இந்த வளைவுகளைத் தாண்டித்தான் போகின்றன. இந்த மாதிரிப் பாதையில் தினமும் நடப்பவர் கீமேன். காலையில் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்து நேரத்தில் ஓட்டுநரைச் சத்தத்தால் எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கிற டெட்டனேட்டர் என்று தோளில் சுமந்துகொண்டு, தன் பங்காக விட்ட ஐந்தாறு கிலோமீட்டரையும் நடந்தே பார்ப்பார். கழன்ற கிளிப்பை அடித்து ஏற்றுவார், தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ் பிளேட்டின் போல்ட்டை முடுக்குவார், தண்டவாளத்தில் விரிசல் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளம் சக்கரம் உரசி உரசித் தேயும். அதன் மீது அவருக்குத் தனிக் கண் வேண்டும். சேலத்து வெயிலில் நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் விரிந்து நெளியும் அபாயம் உண்டு என்பதால் கோடையில் வெயில் ரோந்து. மழைக்காலத்தில் மண் சரிவு, பாலத்தடி வெள்ளம் பார்க்க இரவு ரோந்து. வளைவுக்கு அப்பால் வண்டி வருவது கண்ணுக்குத் தெரியாது, காற்றடித்தால் சத்தமும் கேட்காது. ரோந்தில் போனவர் வண்டியில் அடிபட்டுச் செத்தார் என்ற செய்தி நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரியில் வந்து போகிறது.

இந்த மனிதரின் கோரிக்கைகள் என்ன என்று கேட்டால் புரட்சி எதுவும் இருக்காது. வண்டி நெருங்குவதை எச்சரிக்கும் கருவி. காலுக்குச் சரியான ஷூ. பாதை பராமரிக்கும் குழுவான கேங்கின் ரூமில் குடிக்கத் தண்ணீர். பாதை பராமரிக்கும் டிராக்மேன் வேலைக்குப் பெண்களும் வந்தபிறகு அவர்கள் உடை மாற்றவும் கழிவறைக்குப் போகவும் ஓர் இடம். தனியாகக் காட்டுப் பாதைக்கு அனுப்பாமல் இரவு ரோந்துக்கு இரண்டு பேர். கேட்டால் நியாயம் என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ஒருவர் தனியாகக் கேட்டால் மேஸ்திரியோடு நின்றுவிடும். பத்துப் பேர் கேட்டால் செக்‌ஷன் எஞ்சினியர் வரை போகும். கிளை எழுதிக் கொடுத்தால்தான் அது கோட்ட அலுவலகத்தில் கோப்பாகிறது.

கிளையின் அருமை இன்னும் நன்றாகத் தெரிவது, ஊழியர் மேல் குற்றம் சாட்டும் சார்ஜ் ஷீட் வந்த அன்றைக்கு. 1968ஆம் ஆண்டின் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள்படி சின்னத் தண்டனை என்றால் எஸ்.எஃப். 11 என்ற படிவம், பெரிய தண்டனை என்றால் எஸ்.எஃப். 5. கையில் வாங்கிய நாளிலிருந்து பதில் எழுத 10 நாள். காகிதம் ஆங்கிலத்தில் இருக்கும், பாதி வாக்கியம் விதி எண்ணாகவே இருக்கும். இருபது வருஷம் தண்டவாளத்தில் வேலை பார்த்தவருக்கு அது எழுத்தா, பாம்பா என்று தெரியாது. “அண்ணே, எஸ்.எஃப். அஞ்சு குடுத்துட்டாங்கண்ணே” என்று அவர் போன் செய்வது வக்கீலுக்கு இல்லை, கிளைச் செயலாளருக்கு. விசாரணையில் தனக்கு உதவியாக சக ஊழியரையோ தொழிற்சங்கத்தவரையோ உட்கார வைத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. எந்த ஆவணத்தைக் கேட்டு வாங்க வேண்டும், எந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும், எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் கிளைக்கு ஒருவர் இருந்தாலே பல வேலைகள் காப்பாற்றப்படும். பெரும்பாலும் அவரும் ஒரு கிளார்க்கோ, டெக்னீஷியனோதான். டூட்டி முடித்துவிட்டு, ரெஸ்ட் நாளில், சம்பளம் இல்லாமல் இதைச் செய்கிறார்.

இந்த உரிமைகள் தானாக வந்தவை இல்லை. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னையில் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, திரு.வி.க. உடன் நிற்க, மதராஸ் தொழிலாளர் சங்கம் உருவானது. அந்தத் தொழிலாளர்கள் வேலை பார்த்த பின்னி பஞ்சாலையின் நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. தொழிலாளர்கள் கூடிப் பேசி வேலையை நிறுத்துவதே நஷ்ட ஈடு கேட்கத்தக்க சதி என்று ஆகிவிட்ட நிலையில்தான், சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் எழுந்து 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம் என்றது அது. 2001 திருத்தம் ஆள் எண்ணிக்கையை இறுக்கியதோடு, பொறுப்பாளர்களில் வெளியாள்கள் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், எது குறைவோ அதற்கு மேல் கூடாது என்றும் சொன்னது. சங்கத்தை அங்கே வேலை செய்பவரே நடத்த வேண்டும் என்ற நோக்கம் அதில் தெளிவாக இருக்கிறது. இன்று அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. வேலைநிறுத்தம் செய்யுமுன் கொடுக்க வேண்டிய நோட்டீஸ் உட்பட பல இடங்களில் அந்தத் தொகுப்பு தொழிலாளர் கையைக் கட்டுகிறது என்பது தொழிற்சங்கங்களின் கடுமையான குற்றச்சாட்டு. அது நியாயமான குற்றச்சாட்டு என்றே நினைக்கிறேன்.

சட்டம் வந்த இரண்டாம் வருஷமே, 1928 ஜூலையில், தென்னிந்திய ரயில்வேயில் பெரிய வேலைநிறுத்தம். சேலம் பாதை 1861இல் மதராஸ் ரயில்வே போட்டது; 1908இல் ஜோலார்பேட்டைக்கு மேற்கே உள்ள பகுதி தென்னிந்திய ரயில்வே கைக்கு வந்துவிட்டது. ஆக இந்தப் போராட்டம் நம் பாதையின் கதையும்தான். நாகப்பட்டினம், போத்தனூர் பணிமனைகளைத் திருச்சி பொன்மலைக்குக் கொண்டுபோகும் திட்டத்தோடு, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்ப நிர்வாகம் முடிவு செய்தது. சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் போன்ற தலைவர்கள் முன்னின்றனர். ஜூலை 19 நள்ளிரவில் வேலை நின்றது. போலீஸ் இறங்கியது, தலைவர்கள் கைதானார்கள், ஜூலை 30இல் போராட்டம் திரும்பப் பெறப்பட்டது. முதுமையில் இருந்த சிங்காரவேலருக்குப் பத்தாண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. துணிச்சலில் அந்தத் தொழிலாளர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் மேலே இருந்த கைப்பிடி அளவு ஆட்களைப் பிடித்ததும் கீழே இருந்த கூட்டம் கலைந்துவிட்டது.

இதோடு 1974ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். அகில இந்திய ரயில்வே தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸை மே 2ஆம் தேதி லக்னோவில் கைது செய்துவிட்டார்கள். வேலைநிறுத்தம் தொடங்கவே இல்லை, இன்னும் ஆறு நாள் இருக்கிறது. வழக்கமான கணக்குப்படி அதோடு முடிந்திருக்க வேண்டும். மே 8 அன்று நாடு முழுவதும் வண்டிகள் நின்றன; 20 நாள் நின்றன. ஆயிரக்கணக்கானோர் சிறையில். குடும்பங்களைக் குவார்ட்டர்ஸிலிருந்து சாமான்களோடு தெருவில் தூக்கிப் போட்டார்கள், விசாரணை இல்லாமல் வேலைநீக்கம் செய்தார்கள். போராட்டம் கோரிக்கை எதையும் வெல்லாமலே மே 27இல் திரும்பப் பெறப்பட்டது. தோல்விதான். ஆனால் தலைவர் இல்லாமல் 20 நாள் நிற்க முடிந்தது எப்படி? ஒவ்வொரு ஷெட்டிலும் யார்டிலும், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த கிளைப் பொறுப்பாளர்கள் இருந்தார்கள். எஞ்சின் ஓட்டும் லோகோ ஊழியர்கள் அதற்கு முந்தைய ஆண்டு, 1973 ஆகஸ்டில், தாங்களே போராடி, டூட்டி ஏற்கும் சைன் ஆன் முதல் டூட்டி முடிக்கும் சைன் ஆஃப் வரை 10 மணி நேரம் என்ற ஒப்பந்தத்தை வாங்கியிருந்தார்கள். அந்தப் பயிற்சி வீண் போகவில்லை. அன்று கேட்ட போனஸ் 1979இல் உற்பத்தித்திறன் போனஸாக வந்தது. வேலை இழந்தவர்களை 1977இல் வந்த ஜனதா அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. இன்று ஆயுத பூஜைக்கு முன்னால் 78 நாள் போனஸ், அதிகபட்சம் 17,951 ரூபாய் கணக்கில் ஏறும்போது, அதற்காகக் குவார்ட்டர்ஸை இழந்தவர்களைப் பற்றி இளைய ஊழியர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். கிளைக் கூட்டம் அதற்கான இடம்.

சேலம் ஊழியர்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல் இருந்தது. 2007 நவம்பர் 1 வரை இந்தப் பாதைகளில் பெரும்பகுதி பாலக்காட்டுக் கோட்டத்தின் கீழ் இருந்தது. பொம்மிடியில் வேலை பார்ப்பவர் சீனியாரிட்டி லிஸ்டில் தன் பெயர் ஏன் கீழே போனது என்று கேட்கவும், இடமாற்ற மனு என்னாயிற்று என்று பார்க்கவும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் போக வேண்டும். ஒரு நாள் லீவ் போய்விடும். போன அன்று அந்த கிளார்க் சீட்டில் இருக்க வேண்டும். புதுக் கோட்டம் வேண்டும் என்று இங்கே நீண்ட காலம் குரல் கொடுத்ததை வெறும் ஊர்ப் பெருமையாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு டிராக்மேன் தன் கோப்பைத் தானே போய்ப் பார்க்க முடிவதும் பார்க்க முடியாததும் ஒன்றில்லை. அலுவலகம் அருகே வந்ததால் கிளைகளுக்கும் வேலை கூடியது, பலமும் கூடியது.

நிர்வாகத்தோடு பேச ஏற்பாடு என்ன என்றால், 1950களின் தொடக்கத்திலிருந்து நிரந்தரப் பேச்சுவார்த்தை அமைப்பு இருக்கிறது. ஊழியர்கள் பி.என்.எம். என்பார்கள். கோட்ட மேலாளரோடு ஒரு படி, மண்டலத் தலைமையகத்தில் பொது மேலாளரோடு ஒரு படி, அதற்கு மேல் ரயில்வே வாரியத்தோடு சம்மேளனங்கள். ஒழுகும் குவார்ட்டர்ஸ் கூரை முதல் ஆள் பற்றாக்குறை வரை அங்கே பொருளாக வைக்கலாம். ஆனால் அங்கீகாரம் பெற்ற சங்கத்துக்கு மட்டுமே நாற்காலி. 2007இல் முதல்முறையாக இந்த அங்கீகாரம் ரகசிய வாக்கெடுப்பால் தீர்மானிக்கப்பட்டது, பிறகு 2013இல், அதன்பின் பதினோரு ஆண்டு கழித்து 2024 டிசம்பரில். மொத்த வாக்காளர்களில் 30 சதவீதமோ, பதிவான வாக்குகளில் 35 சதவீதமோ வாங்கினால் அங்கீகாரம். தெற்கு ரயில்வேயில் எஸ்.ஆர்.எம்.யு., எஸ்.ஆர்.இ.எஸ்., டி.ஆர்.இ.யு. எனப் பல சங்கங்கள் இதில் மோதுகின்றன.

வாக்கெடுப்பை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். முன்பு சங்கம் தானே காட்டும் உறுப்பினர் கணக்கு, நிர்வாகத்தின் தயவு என்று நடந்த காரியத்தை அது ஊழியர் கைக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு விளைவும் கூடவே வந்திருக்கிறது. உறுப்பினர் என்பவர் வாக்காளராக மாறிக்கொண்டிருக்கிறார். தேர்தல் வந்தால் வீடு தேடி வருகிறார்கள், பேனர் கட்டுகிறார்கள். முடிந்தால் அடுத்த தேர்தல் வரை கூட்டம் கிடையாது. பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை வாக்குப் போடுவதை வைத்து அது உறுப்பினர்கள் நடத்துகிற சங்கம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அங்கீகாரம் கையில் இல்லாமலே ஒரு பிரச்சினையை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு எஞ்சின் ஓட்டுநர்களான லோகோ பைலட்டுகள் நல்ல உதாரணம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி ஓடும் வண்டியில் வேலை செய்வோருக்கு மாதம் குறைந்தது நான்கு முறை 30 மணி நேரம், அல்லது ஐந்து முறை 22 மணி நேரம் தொடர் ஓய்வு தர வேண்டும். இதைத் தவிர, ஒரு டூட்டி முடித்துத் தலைமையிடம் திரும்பினால் 16 மணி நேர ஓய்வு உண்டு. இந்த 16, அந்த 30க்குள் அடக்கமா, தனியா என்பதுதான் வழக்கு. தனி, ஆக 46 மணி என்பது லோகோ பைலட்டுகளின் வாதம். அடக்கம் என்பது நிர்வாகத்தின் நிலை. 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் தங்கள் கணக்குப்படி ஓய்வு எடுத்தே போராடினார்கள், நடவடிக்கைகளையும் சந்தித்தார்கள்.

வெளியில் இருப்பவருக்கு இது மணிக்கணக்குச் சண்டையாகத் தெரியும். ஈரோட்டில் நள்ளிரவில் டூட்டி ஏற்கும் இடமான லாபிக்கு வந்து, மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதி, சைன் ஆன் செய்து, விடியும்வரை அரை கிலோமீட்டர் நீளச் சரக்கு வண்டியை லோகூர் வளைவுகளில் கொண்டுபோகிறவர் மூன்றாவது இரவு எப்படி இருப்பார் என்று யோசித்தால் விஷயம் புரியும். சிக்னல் நிறம் ஒரு நொடி தப்பினால் போதும். அவர் ஓய்வு பின்னால் வரும் எக்ஸ்பிரஸில் தூங்கும் நம் எல்லோருக்குமான பாதுகாப்பு. பெண் லோகோ பைலட்டுகள் கேட்கும் எஞ்சின் கழிவறையும் அப்படித்தான். எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டச் சொல்வது யாருக்கும் நல்லதில்லை.

அடுத்து பணம். சங்கத்தின் யோக்கியதை சந்தாவில் தெரியும். முன்பு பே கிளார்க் பணப்பெட்டியும் காவலுமாக பாசஞ்சர் வண்டியில் வருவார். கேங்மேன்கள் ஸ்டேஷனில் வரிசையில் நின்று சம்பளம் வாங்குவார்கள், கொஞ்சம் தள்ளி ரசீதுப் புத்தகத்தோடு கிளைப் பொருளாளர் நிற்பார். சந்தா கொடுக்கிறவர் சும்மா கொடுக்க மாட்டார். “போன மாசம் சொன்ன பயணப்படி பில் என்னாச்சு?” என்று கேட்டுவிட்டுத்தான் பையில் கை விடுவார். பதில் சொல்ல முடியாத பொருளாளருக்குச் சந்தாவும் கிடைக்காது. இந்தச் சிறிய கேள்வி எந்த மாநாட்டுத் தீர்மானத்தையும் விட சங்கத்தை நேர்மையாக வைத்திருந்தது. சம்பளம் வங்கிக் கணக்குக்குப் போனதில் எத்தனையோ நன்மை. ஆனால் கேங்கும் கிளையும் மாதம் ஒருமுறை முகம் பார்க்கிற அந்த நாள் போய்விட்டது. வாட்ஸ்அப் குழு அதை ஈடு செய்யவில்லை. அங்கே சுற்றறிக்கை மேலிருந்து கீழே வருகிறது, கேள்வி கீழிருந்து மேலே போவது குறைவு.

கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் சங்க உறுப்பினர் யாரும் பார்வையிடலாம் என்று 1926 சட்டத்திலேயே இருக்கிறது. வருடாந்திரக் கணக்கைத் தணிக்கை செய்து பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அரசியல் செலவுக்குத் தனி நிதி. அதற்குக் கொடுக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. எத்தனை உறுப்பினர்களுக்கு இது தெரியும்? கிளைக் கூட்டத்தில் வரவு செலவைப் படித்துக் காட்டுங்கள் என்று ஒருவர் எழுந்து கேட்டால் அவரைச் சந்தேகப் பேர்வழியாகப் பார்க்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது ஒழிய வேண்டும். கேட்பவர்தான் சங்கத்தைத் தன்னுடையது என்று நினைப்பவர்.

இதையெல்லாம் தாண்டி, எனக்கு மிகவும் உறுத்துவது ஒப்பந்தத் தொழிலாளர் நிலை. இன்று ஜங்ஷன் பிளாட்பாரத்தைக் கழுவுகிறவர், ஓடும் வண்டியில் கழிவறை சுத்தம் செய்கிறவர், ஏ.சி. பெட்டியில் போர்வை கொடுக்கிறவர் பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் ஆட்கள். அவர்கள் பெயர் அந்த அங்கீகார வாக்காளர் பட்டியலில் இல்லை, பி.என்.எம். மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. ஒப்பந்தம் மாறினால் வேலை இருக்குமா என்று தெரியாது. பிடித்த பி.எஃப். கட்டினார்களா, இ.எஸ்.ஐ. அட்டை எங்கே என்று கேட்டால், மேற்பார்வையாளர் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற பயம். நிரந்தர ஊழியர்களின் கிளைகளில் பல, இவர்களை வேறு ஆட்களாகவே பார்க்கின்றன. நிரந்தர இடம் காலியாகி ஆள் எடுக்காமல் விடும் வேலைதானே ஒப்பந்தத்துக்குப் போகிறது? அவர் கூலி எவ்வளவு குறைவோ, அவ்வளவு வேகமாக அடுத்த நிரந்தர இடமும் போகும்.

ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்து வருகிற பொறுப்பு. இங்கே முதன்மை நிறுவனம் ரயில்வே. அதைச் சுட்டிக்காட்டி, பெயர், தேதி, பிடித்த தொகை எல்லாம் போட்டு ஒரு மனு எழுதினால் கோட்ட அலுவலகத்தில் அதை ஒதுக்கிவைப்பது கடினம். பிளாட்பாரம் கழுவுகிற அக்காவால் அந்த மனுவைத் தனியாக எழுத முடியாது. எஸ்.எஃப். 5க்குப் பதில் எழுதிப் பழகிய கிளைச் செயலாளருக்கு அது அரை மணி நேர வேலை. அவர்களையும் கிளைக் கூட்டத்துக்குக் கூப்பிடவும், விதியில் இடமில்லை என்றால் விதியைத் திருத்தி உறுப்பினராகச் சேர்க்கவும், அடுத்த பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவரலாம்.